த்ரிவாலேயின் இளவரசர் நிக்கோலாய் டோப்ரின்

ருமேனியக் காற்பந்து என்றதும் பலருக்கு முதலில் நினைவுக்கு வருபவர் கியோர்கே ஹாஜி. 1994 உலகக் கிண்ணப் போட்டியில் அர்ஜெண்டினாவை வீழ்த்திக் காலிறுதிவரை சென்ற குழுவின் தலைவர் அவர். ரியால் மாட்ரிட், பார்சிலோனா ஆகிய இரு குழுக்களின் சீருடையையும் அணிந்தவர். ஆனால் ருமேனியாவில் அறுபது வயதைக் கடந்த ரசிகர்களிடம் அந்நாட்டின் மிகச் சிறந்த ஆட்டக்காரர் யாரென்று கேட்டால், அவர்களில் பலர் வேறொரு பெயரைச் சொல்வார்கள். அந்தப் பெயருக்குரியவர் உலகக் கிண்ணப் போட்டியில் ஒரு நிமிடம்கூட ஆடியதில்லை. வெளிநாட்டுக் குழு எதிலும் ஒப்பந்தம் பெற்றதில்லை. ஏறக்குறைய தம் வாழ்நாள் முழுவதையும் பிறந்த ஊரிலேயே கழித்தவர். அவர்தான் நிக்கோலாய் டோப்ரின்.

ஒருவரின் திறமையும் அத்திறமைக்குக் கிடைக்கும் வாய்ப்பும் எப்போதும் ஒரே அளவில் இருப்பதில்லை. இதற்கு டோப்ரினின் வாழ்க்கையைவிடத் தெளிவான உதாரணத்தைக் காற்பந்து வரலாற்றில் தேடுவது கடினம்.

பிறந்த ஊரும் காலமும்

டோப்ரின் 1947ஆம் ஆண்டு ஆகஸ்டு 26ஆம் தேதி பித்தேஷ்ட் நகரில் பிறந்தார். தலைநகர் புக்காரெஸ்டிலிருந்து வடமேற்கே சுமார் 110 கிலோமீட்டர் தொலைவில், ஆர்ஜேஷ் ஆற்றை ஒட்டி அமைந்துள்ள நகரம் அது. அவர் பிறந்து நான்கே மாதங்களில், 1947 டிசம்பர் 30ஆம் தேதி, மன்னர் மிகாய் பதவி விலக நேர்ந்தது. ருமேனியா கம்யூனிஸ்டு ஆட்சியின்கீழ் மக்கள் குடியரசானது. டோப்ரின் நடை பழகியதும் பந்து பழகியதும் பின்னர் நாடறிந்த ஆட்டக்காரர் ஆனதும் அந்த ஆட்சியின் கீழ்தான். அவர் எதை அடைந்தார், எதை இழந்தார் என்பதைப் புரிந்துகொள்ள அந்த ஆட்சியைப் பற்றிச் சிறிது தெரிந்திருக்க வேண்டும்.

அன்றைய ருமேனியாவில் காற்பந்துக் குழுக்கள் தனியாருக்குச் சொந்தமானவை அல்ல. ஒவ்வொரு பெரிய குழுவின் பின்னாலும் ஓர் அரசு அமைப்பு இருந்தது. ஸ்தேவா புக்காரெஸ்ட் இராணுவத்தின் குழு. டினாமோ புக்காரெஸ்ட் உள்துறை அமைச்சின் குழு. ராப்பிட் ரயில்வே துறையின் குழு. ஆட்டக்காரர்கள் ஏட்டளவில் அமெச்சூர்கள். அவர்களின் பெயர் ஏதாவது ஒரு நிறுவனத்தின் ஊழியர் பட்டியலில் இருக்கும். அவர்களின் உண்மையான வேலை காற்பந்துதான். வெளிநாட்டுக் குழு ஒன்றில் சேர வேண்டுமானால் அரசாங்கத்தின் அனுமதி வேண்டும். அந்த அனுமதி எளிதில் கிடைப்பதில்லை.

பித்தேஷ்ட் நகரின் குழு 1953இல் தோற்றுவிக்கப்பட்டது. உள்துறை அமைச்சின் டினாமோ அமைப்பைச் சேர்ந்த குழு என்பதால் டினாமோ பித்தேஷ்ட் என்று அழைக்கப்பட்டது. 1967இல்தான் அது ஆர்ஜேஷ் பித்தேஷ்ட் என்ற பெயரைப் பெற்றது. தலைநகரின் பெரிய குழுக்களோடு ஒப்பிட்டால் அது ஒரு சிறு நகரக் குழு. பணபலமும் குறைவு, செல்வாக்கும் குறைவு.

பதினான்கு வயதில் முதல் ஆட்டம்

1962ஆம் ஆண்டு ஜூலை முதல் தேதி டோப்ரின் ருமேனியாவின் முதல்நிலை லீக்கில் தம் முதல் ஆட்டத்தை ஆடினார். அப்போது அவருக்குப் பதினைந்து வயதுகூட நிறையவில்லை. நம் நாட்டில் இடைநிலைப் பள்ளியின் இரண்டாம் படிவத்தில் படிக்கும் ஒரு மாணவன், நாட்டின் தலைசிறந்த பெரியவர்களுக்கு எதிராகத் திடலில் இறங்குவதாக எண்ணிப் பாருங்கள். உடல் பலத்தை நம்பி அந்த வயதில் யாரும் அங்கே நிற்க முடியாது. டோப்ரினை அங்கே நிறுத்தியது பந்தின் மீது அவருக்கிருந்த ஆளுமை.

அவர் மத்தியத் திடல் ஆட்டக்காரர். பந்தைக் காலோடு ஒட்டவைத்துக்கொண்டு எதிரணியினரை ஏமாற்றிக் கடந்து செல்வதில் அவருக்கு நிகர் அன்றைய ருமேனியாவில் இல்லை. நீண்ட தூரத்துக்கு அளந்து வைத்ததுபோல் பந்தை அனுப்புவதும் அவருக்குக் கைவந்த கலை. அவர் வேகமாக ஓடிக் களைப்பவர் அல்லர். பந்தை ஓடவைத்துவிட்டு, தாம் நின்று பார்ப்பவர். அவருடைய ஆட்டத்தைப் பார்க்கவே மற்ற ஊர்களிலிருந்தும் ரசிகர்கள் திரண்டார்கள். அவருக்கு இரண்டு செல்லப் பெயர்கள் உண்டு. ஒன்று, ஆண் பெருவாத்தைக் குறிக்கும் ருமேனியச் சொல்லான காஸ்கானுல். மற்றொன்று, த்ரிவாலேயின் இளவரசர். த்ரிவாலே என்பது பித்தேஷ்ட் நகரையொட்டிய காட்டுப் பகுதியின் பெயர்.

1966இல் அவர் தேசியக் குழுவில் இடம்பெற்றார். ருமேனியாவின் ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரர் விருது வழங்கப்படத் தொடங்கியதும் அதே ஆண்டில்தான். அவ்விருதை முதன்முதலில் பெற்றவர் டோப்ரின். மறு ஆண்டும் அவரே பெற்றார். 1971இல் மூன்றாம் முறையாகவும் அது அவருக்குக் கிடைத்தது. தலைநகரின் பெரிய குழுக்களில் எத்தனையோ நட்சத்திரங்கள் இருக்க, ஒரு சிறு நகரக் குழுவின் இளைஞருக்கு இந்தப் பெருமை சேர்ந்தது.

குழுவும் அவரோடு சேர்ந்து வளர்ந்தது. 1966-67 பருவத்தில் ஐரோப்பிய நகரங்களுக்கிடையிலான கிண்ணப் போட்டியில் பித்தேஷ்ட் குழு ஸ்பெயினின் செவியா குழுவை வெளியேற்றியது. அடுத்த சுற்றில் பிரான்சின் தூலூஸ் குழுவிடம் முதல் ஆட்டத்தில் மூன்று கோல்கள் வாங்கித் தோற்றது. சொந்தத் திடலில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் 5-1 என்று வென்று முன்னேறியது. இறுதியில் அதைத் தடுத்து நிறுத்திய டினாமோ ஸாக்ரெப் குழுதான் அந்த ஆண்டின் கிண்ணத்தையே வென்றது.

மெக்சிகோவில் ஒரு நாற்காலி

1970 உலகக் கிண்ணப் போட்டிக்கு ருமேனியா தகுதி பெற்றது. 1938க்குப் பிறகு அந்நாடு உலகக் கிண்ணத்தில் ஆடவிருந்தது அதுவே முதல் முறை. யூசெபியோ ஆடிய போர்ச்சுகல் இருந்த தகுதிச் சுற்றுப் பிரிவில் முதலிடம் பிடித்துத்தான் ருமேனியா மெக்சிகோ சென்றது. அந்தப் பயணத்தில் டோப்ரினுக்கு அப்போது 22 வயது. ஓர் ஆட்டக்காரர் தம் முழுத் திறனை எட்டும் பருவம்.

ருமேனியாவுக்குக் கிடைத்த பிரிவு கடினமானது. அப்போதைய உலக வெற்றியாளர் இங்கிலாந்து, பெலே ஆடிய பிரேசில், செக்கோஸ்லோவாக்கியா ஆகிய மூன்றும் அதில் இருந்தன. எல்லா ஆட்டங்களும் குவாதலஹாரா நகரில் நடந்தன. இங்கிலாந்திடம் ருமேனியா 0-1 என்று தோற்றது. செக்கோஸ்லோவாக்கியாவை 2-1 என்று வென்றது. அந்தக் கிண்ணத்தையே வெல்லவிருந்த பிரேசிலிடம் 2-3 என்று போராடித் தோற்று, முதல் சுற்றோடு நாடு திரும்பியது.

இந்த மூன்று ஆட்டங்களிலும் டோப்ரின் இறங்கவில்லை. உலகக் கிண்ண வரலாற்றில் மாற்று ஆட்டக்காரர்கள் அனுமதிக்கப்பட்டது 1970இல்தான். ஆட்டத்தின் நடுவே இருவரை மாற்றலாம் என்ற புதிய விதி இருந்தும் அவருக்கு அழைப்பு வரவில்லை. பயிற்றுநர் ஆஞ்சலோ நிக்குலெஸ்கு பொறுமையாகப் பந்தைத் தக்கவைத்து, கட்டுக்கோப்பாக ஆடும் முறையை நம்பியவர். எல்லாரும் ஒரே திட்டத்தில் அசைய வேண்டும் என்பது அவருடைய கொள்கை. டோப்ரினோ தம் மனம்போல் ஆடுபவர். பயிற்சியைவிடக் கேளிக்கையிலும் மதுவிலும் அவருக்கு நாட்டம் அதிகம் என்ற பேச்சும் இருந்தது. உண்மைக் காரணம் எது என்ற விவாதம் ருமேனியாவில் பல பத்தாண்டுகளாகத் தொடர்கிறது.

இதில் இரு பக்கமும் நியாயம் இருக்கிறது. ஒரு குழுவின் ஒழுங்கு குலைந்தால் என்னவாகும் என்று கவலைப்படுவது பயிற்றுநரின் கடமை. மூன்று ஆட்டங்களில் ருமேனியா கௌரவமாகவே ஆடியது என்பதையும் மறுக்க முடியாது. ஆனால் இரு ஆட்டங்களிலும் அது ஒரே ஒரு கோல் வித்தியாசத்தில்தான் தோற்றது. ஒரு நொடியில் ஆட்டத்தின் போக்கை மாற்றக்கூடிய ஒருவர் ஓரத்தில் உட்கார்ந்திருந்தார். இறங்கியிருந்தால் என்ன நடந்திருக்கும் என்பதற்கு விடை இல்லை.

அப்போது யாருக்கும் தெரியாத ஒன்று உண்டு. டோப்ரினுக்கு அதுவே முதலும் கடைசியுமான உலகக் கிண்ணம். 1974க்கான தகுதிச் சுற்றில் கிழக்கு ஜெர்மனி ருமேனியாவை முந்தியது. 1978க்கான தகுதிச் சுற்றில் ஸ்பெயின் முந்தியது. ருமேனியா மீண்டும் உலகக் கிண்ணத்தில் ஆடியது 1990இல். அப்போது டோப்ரினுக்கு வயது 42.

மாட்ரிட் வந்தபோது

மெக்சிகோவிலிருந்து திரும்பிய டோப்ரின் மனமுடைந்து ஒதுங்கிவிடவில்லை. 1971இல் மூன்றாம் முறை ஆண்டுச் சிறந்த ஆட்டக்காரர் ஆனார். 1972 மே மாதம் ஐரோப்பியக் கிண்ணக் காலிறுதியில் ஹங்கேரிக்கு எதிராகப் புக்காரெஸ்டில் கோல் போட்டார். அந்த ஆட்டம் 2-2 என்று சமமானது. அதே பருவத்தில் ஆர்ஜேஷ் பித்தேஷ்ட் குழு வரலாற்றில் முதன்முறையாக ருமேனிய லீக் பட்டத்தை வென்றது. தலைநகரின் பெரும் குழுக்கள் பார்த்துக்கொண்டிருக்க, கிண்ணம் ஆர்ஜேஷ் ஆற்றங்கரைக்குப் போய்ச் சேர்ந்தது.

பட்டத்தை வென்றதால் ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ணப் போட்டியில் ஆடும் தகுதி கிடைத்தது. முதல் சுற்றில் லக்சம்பர்க்கின் ஆரிஸ் குழுவை எளிதாக வென்ற பித்தேஷ்ட், இரண்டாம் சுற்றில் ரியால் மாட்ரிட்டைச் சந்தித்தது. அதற்குள் ஆறு முறை ஐரோப்பியக் கிண்ணத்தை வென்றிருந்த குழு அது. 1972 அக்டோபரில் பித்தேஷ்டில் நடந்த முதல் ஆட்டத்தில் ஆர்ஜேஷ் 2-1 என்று வென்றது. மாட்ரிட்டில் நடந்த இரண்டாம் ஆட்டத்தில் ரியால் 3-1 என்று வென்றது. இரண்டு ஆட்டங்களையும் கூட்டினால் 4-3. ஒரே கோல் வித்தியாசத்தில் சிறு நகரக் குழு வெளியேறியது.

ஆனால் ரியால் மாட்ரிட்டின் தலைவர் சான்தியாகோ பெர்னபேயுவின் கண்ணில் டோப்ரின் விழுந்துவிட்டார். அவரை வாங்கியே தீர்வது என்று பெர்னபேயு முயன்றார். ருமேனிய அரசு இணங்கவில்லை. டோப்ரின் நாட்டின் சொத்து, விற்பனைக்கல்ல என்று அதிபர் நிக்கோலாய் சௌசெஸ்கு மறுத்துவிட்டதாக ருமேனியாவில் இன்றும் சொல்லப்படுகிறது. டோப்ரினின் விருப்பம் என்ன என்பது கணக்கில் எடுத்துக்கொள்ளப்படவே இல்லை.

ஒரே ஒரு சலுகை மட்டும் கிடைத்தது. ஆறு முறை ஐரோப்பியக் கிண்ணம் வென்ற பிரான்சிஸ்கோ ஹெந்தோவுக்கு 1972 டிசம்பரில் மாட்ரிட்டில் பிரியாவிடை ஆட்டம் நடந்தது. போர்ச்சுகலின் பெலனென்சஸ் குழுவுக்கு எதிரான அந்த நட்பு ஆட்டத்தில் விருந்தினராக ஆட டோப்ரின் அழைக்கப்பட்டார். ரியால் மாட்ரிட்டின் வெள்ளைச் சீருடையை அவர் அணிந்தார். ஆட்டம் முடிந்ததும் பித்தேஷ்டுக்குத் திரும்பினார்.

இங்கே ஒரு வியப்பான ஒப்பீடு இருக்கிறது. டோப்ரின் ஆடிய அதே 1972-73 பருவத்தின் ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ணத்தை வென்றது நெதர்லாந்தின் ஆயாக்ஸ் குழு. அரையிறுதியில் ரியால் மாட்ரிட்டை வீழ்த்தியதும் அதே குழுதான். அதன் பயிற்றுநர் ஸ்தெஃபான் கோவாக்ஸ் ஒரு ருமேனியர், திமிஷோவாராவில் பிறந்தவர். அவர் வெளிநாடு சென்று பணியாற்ற அரசு அனுமதித்திருந்தது. ஒரே நாடு, ஒரே காலம், ஒரே விளையாட்டு. ஒருவருக்குத் திறந்த கதவு மற்றவருக்கு மூடியே இருந்தது.

புக்காரெஸ்டில் கடைசி நிமிடம்

மாட்ரிட் வாய்ப்பு நழுவிய பிறகும் டோப்ரின் பித்தேஷ்டுக்காகப் பல ஆண்டுகள் ஆடினார். முப்பது வயதைத் தாண்டிவிட்டார். இனி அவருடைய காலம் முடிந்தது என்று பலரும் எண்ணிய வேளையில் 1978-79 பருவம் வந்தது. ஃப்ளோரின் ஹலாஜியான் பயிற்றுநராக இருந்த ஆர்ஜேஷ் குழு மீண்டும் பட்டத்தை நெருங்கியது.

பருவத்தின் கடைசி ஆட்டம் தலைநகரில், டினாமோ புக்காரெஸ்டுக்கு எதிராக, அவர்களுடைய சொந்தத் திடலில். உள்துறை அமைச்சின் செல்வாக்கு மிக்க குழு ஒரு பக்கம். ஒரு காலத்தில் அதன் கிளையைப்போல் இருந்த சிறு நகரக் குழு மறுபக்கம். கோல்கள் மாறி மாறி விழுந்தன. 3-3 என்ற நிலையில் ஆட்டம் முடியப்போகும் தறுவாயில் வெற்றிக் கோலைப் போட்டவர் டோப்ரின். 4-3 என்று வென்று ஆர்ஜேஷ் இரண்டாம் முறை லீக் வெற்றியாளரானது. அப்போது அவருக்கு வயது 31. தம் ஊரின் குழுவுக்கு அவர் கொடுத்த மிகப் பெரிய பரிசு அது.

அடுத்த பருவத்தில் ஐரோப்பிய வெற்றியாளர் கிண்ணப் போட்டியில் ஏதென்சின் ஏ.இ.கே. குழுவை வென்ற பித்தேஷ்ட், இங்கிலாந்தின் நாட்டிங்ஹாம் ஃபாரஸ்ட் குழுவிடம் தோற்றது. அந்த ஆண்டின் கிண்ணமும் ஃபாரஸ்ட்டுக்கே போனது. சிறு நகரத்தின் குழு தோற்ற இடங்களைப் பாருங்கள்: பெரும்பாலும் கிண்ணத்தை வெல்லப்போகிறவர்களிடமோ, ஏற்கெனவே பல முறை வென்றவர்களிடமோதான்.

1980இல் டோப்ரின் தேசியக் குழுவுக்காகக் கடைசியாக ஆடினார். மொத்தம் 48 ஆட்டங்கள், 6 கோல்கள். அதன்பின் சிறிது காலம் தர்கோவிஷ்தே குழுவில் ஆடிவிட்டு மீண்டும் தாய்க்குழுவுக்கே வந்து சேர்ந்தார். முதல்நிலை லீக்கில் அவர் ஆடிய ஆட்டங்கள் 400க்கும் அதிகம். போட்ட கோல்கள் நூற்றுக்கும் அதிகம். ஓய்வுக்குப் பிறகு பித்தேஷ்டில் பயிற்றுநராகவும் பணியாற்றினார்.

காலம் மாறியபோது

1989 டிசம்பரில் ருமேனிய மக்கள் சௌசெஸ்குவின் ஆட்சியைக் கவிழ்த்தார்கள். எல்லைகள் திறந்தன. 1990 உலகக் கிண்ணம் முடிந்ததும் கியோர்கே ஹாஜி ஒப்பந்தம் செய்துகொண்ட குழு எது தெரியுமா? ரியால் மாட்ரிட்தான். டோப்ரினுக்கு மறுக்கப்பட்ட அதே வாசல் 18 ஆண்டுகளுக்குப் பிறகு வேறொரு ருமேனியருக்குத் திறந்தது. அடுத்த தலைமுறை ஆட்டக்காரர்களுக்கு இத்தாலி, ஸ்பெயின், இங்கிலாந்து எல்லாம் வழக்கமான பயணமாகிவிட்டது. இருவருக்கும் இடையில் இருந்தது பிறந்த ஆண்டின் வேறுபாடு மட்டுமே: ஒருவர் 1947, மற்றவர் 1965.

டோப்ரின் நுரையீரல் புற்றுநோயால் பாதிக்கப்பட்டு, 2007ஆம் ஆண்டு அக்டோபர் 26ஆம் தேதி பித்தேஷ்டில் காலமானார். அவருக்கு வயது 60. அவர் ஆடிப் புகழ்பெற்ற நகரின் விளையாட்டரங்கத்துக்கு நிக்கோலாய் டோப்ரின் விளையாட்டரங்கம் என்று பெயர் சூட்டப்பட்டது.

நாம் என்ன எடுத்துக்கொள்ளலாம்?

டோப்ரினின் கதையைத் தியாகக் கதையாகச் சொல்லிவிடுவது எளிது. பணத்தையும் புகழையும் உதறிவிட்டு ஊருக்காகவே வாழ்ந்தவர் என்று எழுதினால் படிக்க இனிமையாக இருக்கும். ஆனால் அது முழு உண்மையாகாது. மாட்ரிட் போவதா வேண்டாமா என்று முடிவெடுக்கும் உரிமையே அவருக்கு இருக்கவில்லை. தேர்ந்தெடுக்கும் உரிமை இல்லாத இடத்தில் ஒருவர் செய்வதைத் தியாகம் என்று புகழ்ந்தால், அந்த உரிமையைப் பறித்தவர்களை நாம் மறந்துவிடுகிறோம். வெளிநாட்டுப் பல்கலைக்கழகத்துக்கு விண்ணப்பிப்பதும், வேலை தேடி வேறு ஊருக்குப் போவதும், விரும்பிய துறையைத் தேர்ந்தெடுப்பதும் நமக்குச் சாதாரணமாகத் தோன்றலாம். உலகின் பல பகுதிகளில், பல காலங்களில், அவை சாதாரணமாக இருந்ததில்லை.

அவருக்கு மிச்சமிருந்த ஒரே முடிவு, இருக்கும் இடத்தில் எப்படி ஆடுவது என்பதுதான். மெக்சிகோவில் ஓரமாய் உட்கார வைத்தார்கள். அடுத்த ஆண்டே நாட்டின் சிறந்த ஆட்டக்காரராகத் திரும்பி வந்தார். மாட்ரிட்டுக்கு விட மறுத்தார்கள். ஏழாண்டுகள் கழித்துத் தலைநகரின் திடலில் கடைசி நேரக் கோலோடு பட்டத்தை ஊருக்குக் கொண்டு வந்தார். அவரிடம் குறைகளும் இருந்தன. கட்டுப்பாடு இன்னும் சற்று அதிகமாக இருந்திருந்தால் மெக்சிகோவின் முடிவு வேறாக இருந்திருக்குமோ என்று இன்றும் கேட்பவர்கள் உண்டு. அந்தக் கேள்வியையும் சேர்த்தே அவரை நினைவுகூர வேண்டும்.

பித்தேஷ்டில் இன்றும் சிறுவர்கள் காற்பந்து ஆடுகிறார்கள். அவர்களில் திறமையுள்ள ஒருவனுக்கு வெளிநாட்டிலிருந்து அழைப்பு வந்தால், போகலாமா இருக்கலாமா என்பதை அவனே முடிவு செய்துகொள்ளலாம்.